ஒரே மாவட்டம், ரெண்டு விதமான வெளிநாட்டு மருமகள்

1/
நீளமான இழை. ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து படிங்க. மருந்து, மாத்திரை பத்தின பதிவு இல்ல. ஆனா ஓ.பி.யிலயும் பிரசவ வார்டுலயும் திரும்பத் திரும்ப என் முன்னாடி வந்து நிக்கிற விஷயம்.

இந்தியக் குடிமகன் ஒருத்தர், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்ல பொறந்து வளர்ந்த பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிறார். அந்தப் பொண்ணு சட்டத்தோட கண்ணுல யாரு? அவங்களுக்குப் பொறக்குற குழந்தை யாரு?

2/
"வெளிநாட்டு மாப்பிள்ளை"ன்னா நமக்கு எல்லாம் தெரியும். கிரீன் கார்டு, டிபென்டன்ட் விசா, எத்தனை வருஷத்துல சிட்டிசன்ஷிப்னு தரகரே சொல்லிடுவார். நம்ம பக்கத்துல பாண்டிச்சேரி வேற இருக்கு. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற வீட்டுல சம்பந்தம் பண்றதுன்னா என்னென்ன பேப்பர் வேணும்னு இங்க பாதி சனத்துக்கு அத்துப்படி.

ஆனா வெளிநாட்டு மருமகள் நம்ம வீட்டுக்குள்ள வந்தா என்ன சட்டம்னு கேட்டா, யாருக்கும் தெரியாது. வக்கீல் குமாஸ்தாவே தலையைச் சொறிவார்.

3/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தியரைக் கல்யாணம் பண்ணி ஏழு வருஷம் இங்க வாழ்ந்த வெளிநாட்டவருக்குக் குடியுரிமை கேட்க நம்ம சட்டம் வழி வெச்சிருக்கு. அந்தக் கதவை முகாம்ல பதிவு பண்ணி வாழுறவங்களுக்கும் திறக்கணும். அவங்க குழந்தைகளுக்கு அதுக்கும் முன்னாடியே திறக்கணும்.

ஏன்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

4/
முதல்ல இடம். நான் இருக்கிறது சிங்கவரம், செஞ்சிக்குப் பக்கத்துல. எங்க விழுப்புரம் மாவட்டத்துலயே கிழக்குக் கடற்கரைச் சாலையில, காலாப்பட்டு தாண்டி, கீழ்புத்துப்பட்டுல ஒரு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போனவங்களுக்கு ஊர் தெரியும். முகாமைப் பார்த்தவங்க கம்மி.

முகாம்களைக் கவனிக்கிற துறைக்கு 2021-லிருந்து 2024 வரை அமைச்சரா இருந்த மஸ்தான் அப்போ எங்க செஞ்சித் தொகுதி எம்.எல்.ஏ.தான். அப்படியிருந்தும் இந்த விஷயம் எங்க ஊர் டீக்கடையில பேச்சா வந்து நான் கேட்டதில்ல.

5/
சுருக்கமா வரலாறு. 1983 ஜூலை கலவரத்துக்கு அப்புறம் படகுல வந்தவங்க, 1990-ல வந்தவங்க, 2006-ல போர் திரும்பவும் மூண்டப்போ வந்தவங்கன்னு அலை அலையா வந்தாங்க. இன்னைக்குத் தமிழ்நாடு முழுக்க நூத்துக்கும் மேல முகாம், அதுல அரை லட்சத்துக்கும் மேல மக்கள். முகாமுக்கு வெளியே போலீஸ்ல பதிவு பண்ணி இருக்கிறவங்க தனி.

முதல்ல வந்தவங்களுக்கு இப்போ பேரப்பிள்ளை இருக்கு. அந்தப் பேரப்பிள்ளைங்க இலங்கையை மேப்புல மட்டும்தான் பார்த்திருக்காங்க.

6/
நாப்பது வருஷம் ஒரே ஊர்ல இருந்தா என்ன ஆகும்? ஒரே ஸ்கூல், ஒரே பஸ், ஒரே பெயின்டிங் வேலை, ஒரே கம்பெனி வேன். காதல் வரும். கல்யாணம் நடக்கும். பேசுறதும் ஒரே மொழி. பல வீட்டுல சாமியும் ஒண்ணு.

இதுல அதிசயமே இல்ல. அதிசயம், இந்தக் கல்யாணத்தை நம்ம குடியுரிமைச் சட்டம் கண்டுக்காம இருக்கிறதுதான்.

7/
இப்போ சட்டம். பயப்படாதீங்க, ஈ.சி.ஜி. படிக்கிறதை விட சுலபம்.

1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(1)(சி). இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் பண்ணி, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ஏழு வருஷம் இந்தியாவுல வசிச்சவங்க, பதிவு மூலமா குடியுரிமை கேட்கலாம். கலெக்டர் ஆபீஸ் வழியா விசாரணை நடக்கும், மத்திய அரசு முடிவெடுக்கும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்ல?

8/
ஆனா அதே பிரிவு 5(1) ஆரம்பிக்கிறப்பவே ஒரு பூட்டு இருக்கு. விண்ணப்பிக்கிறவர் "சட்டவிரோதக் குடியேறி"யா இருக்கக் கூடாது.

யாரு சட்டவிரோதக் குடியேறி? செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாம இந்தியாவுக்குள்ள நுழைஞ்ச வெளிநாட்டவர், இல்லன்னா ஆவணத்தோட வந்து காலம் தாண்டியும் தங்கினவர். இந்த வரையறையும் பூட்டும் வந்தது 2003 திருத்தத்துல.

குண்டு விழுறப்போ ராமேஸ்வரத்துக்குப் படகு ஏறினவங்க எந்த பாஸ்போர்ட் ஆபீஸ்ல வரிசையில நின்னிருப்பாங்க?

9/
அதனால, 1990-ல அஞ்சு வயசுல அம்மா மடியில உட்கார்ந்து வந்த பொண்ணுக்கு இந்தக் கதவு சாத்தியே இருக்கு. அவங்க செஞ்சிக்காரரைக் கட்டிக்கிட்டு ஏழு வருஷம் இல்ல, இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கட்டும். எண்ணிக்கையே ஆரம்பிக்காது.

10/
இப்போ முகாம்லயே 1998-ல பொறந்த பொண்ணை எடுத்துக்குங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் இலங்கைக்காரங்க, அதனால பிறப்பால இந்தியக் குடிமகள் இல்ல. சரி.

ஆனா சட்ட வாசகம் இந்தியாவுக்குள் "நுழைந்த" வெளிநாட்டவர்னு சொல்லுது. இந்தப் பொண்ணு எங்க நுழைஞ்சாங்க? அவங்க உள்ள வந்தது ஒரு அரசு ஆஸ்பத்திரி லேபர் ரூம் வழியா. குழந்தையை வெளியே எடுத்தது எங்களை மாதிரி ஒரு அரசு டாக்டரோ நர்ஸோதான். அந்தப் பொண்ணை எப்படிச் சட்டவிரோதமா நுழைஞ்சவங்கன்னு சொல்றது? நியாயமான கேள்விதானே?

11/
இதை விடப் பெரிய சிக்கல் குழந்தைக்கு. இதைத்தான் எல்லாரும் கவனமா படிக்கணும்.

இந்தியாவுல பொறந்தா யாரு குடிமகன்? பொறந்த தேதியைப் பொறுத்து மூணு விதி:

• 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை: இந்திய மண்ணுல பொறந்தாலே போதும். அப்பா அம்மா யாரா இருந்தாலும் சரி.
• 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை: அப்பா, அம்மா ரெண்டுல ஒருத்தர் இந்தியரா இருக்கணும்.
• 2004 டிசம்பர் 3-லிருந்து: ரெண்டு பேரும் இந்தியரா இருக்கணும். ஒருத்தர்தான் இந்தியர்னா, இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது.

12/
மூணாவது விதியை இன்னொரு தடவை படிங்க.

அப்பா செஞ்சிக்காரர். ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி, தாத்தா காலத்துப் பட்டா எல்லாம் இருக்கு. அம்மா சின்ன வயசுல படகுல வந்தவங்க. குழந்தை 2020-ல நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில பொறக்குது. அம்மாவைச் சட்டவிரோதக் குடியேறின்னு எடுத்துக்கிட்டா, அந்தக் குழந்தை பிறப்பால இந்தியக் குடிமகன் ஆகாது.

அப்பாவோட நிறம், மூக்கு, ரத்த குரூப் எல்லாம் வரும். குடியுரிமை மட்டும் வராது.

13/
பிரசவம் முடிஞ்ச மறுநாள் ரவுண்ட்ஸ்ல ஒரு மாமியார் கேட்டாங்க: "டாக்டரம்மா, மருமவ முகாம் பொண்ணு. இந்தப் புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணும் ஆயிடாதே? சர்ட்டிபிகேட்டு நல்லா எழுதிக் குடுங்கம்மா."

சர்டிபிகேட்டை எவ்வளவு நல்லா எழுதினாலும் ஒண்ணும் ஆகாது. குழந்தை எங்க, எப்போ, யாருக்குப் பொறந்ததுன்னு மட்டும்தான் பிறப்புச் சான்றிதழ் சொல்லும். எந்த நாட்டுக் குடிமகன்னு அது சொல்லாது. ஆதாரும் அப்படித்தான். முகாம்ல இருக்கிறவங்களுக்கும் ஆதார் உண்டு. அது இங்க வசிக்கிறதுக்கான அடையாளம், அவ்வளவுதான்.

14/
"அப்போ அந்தக் குழந்தை இலங்கைக் குடிமகனாமே, அதை வாங்கிக்கட்டுமே?"ன்னு கேட்பீங்க.

வாங்கலாம். இலங்கையில 2003-லிருந்து அம்மா வழியாவும் குடியுரிமை வரும். சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துல பிறப்பைப் பதியலாம். 1984-லிருந்து வேலை செய்யுற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த வேலையில பல குடும்பங்களுக்கு உதவியிருக்கு. ஊர் திரும்ப நினைக்கிற குடும்பத்துக்கு இது தேவையான விஷயம்.

ஆனா அப்பா ஊர் செஞ்சி, வீடு செஞ்சி, நிலம் செஞ்சின்னு இருக்கிற குழந்தை, பார்க்காத நாட்டோட குடிமகனா தன் சொந்த வீட்டுலயே வெளிநாட்டவரா வளரணும்னு சொல்றது என்ன தீர்வு?

15/
"இதெல்லாம் பேப்பர் விஷயம், டாக்டருக்கு என்ன?"ன்னு சிலர் கேட்பாங்க. ஒரு உதாரணம் சொல்றேன். கேட்டா உங்களுக்கே புரியும்.

கணவருக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சு. டயாலிசிஸ்ல இருக்கார். மனைவி தர்றேன்றாங்க. ரத்த குரூப் ஒத்துப் போகுது. ரெண்டு பேரும் இந்தியர்னா, கணவன் மனைவின்றது நெருங்கிய உறவு, ஆஸ்பத்திரி அளவுலயே அனுமதி முடிஞ்சுடும்.

16/
மனைவி வெளிநாட்டவர்னா? 2011-ல திருத்தின உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவா இருந்தாலும் அங்கீகாரக் குழுவோட முன் அனுமதி கட்டாயம். உறவு உண்மைதான்னு சம்பந்தப்பட்ட நாட்டுத் தூதரகத்தோட சான்றும் கேட்பாங்க.

உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க வந்த நல்ல விதி இது. நான் குறை சொல்லல. ஆனா இங்க என்ன ஆகுது பாருங்க. எந்த நாட்டை விட்டு உயிர் தப்பி ஓடி வந்தாங்களோ, அந்த நாட்டுத் தூதரகத்துல போய், "நான் இந்த செஞ்சிக்காரரோட பொண்டாட்டிதான்"னு சான்று வாங்கிட்டு வரணும். அது வர்ற வரைக்கும் டயாலிசிஸ்.

17/
இன்னும் சில:

கணவருக்கு துபாய்ல வேலை. மனைவிக்கு பாஸ்போர்ட் இல்ல, கூடப் போக முடியாது. 
சேர்த்து வெச்ச காசுல மனைவி பேர்ல ரெண்டு சென்ட் மனை வாங்கலாம்னா, இலங்கைக் குடிமக்கள் இந்தியாவுல அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கி முன் அனுமதி வேணும். 
அரசு வேலைக்குத் தேர்வு எழுதலாம்னா, விண்ணப்பத்துல குடியுரிமைன்ற கட்டத்துலயே நின்னுடும். 
ஓட்டு கிடையாது.

தூக்கம் வரல, படபடப்பு, காரணமில்லாத வயித்து வலின்னு வர்ற சில பெண்கள்கிட்ட பத்து நிமிஷம் கூடுதலா உட்கார்ந்து பேசினா, கடைசியில இந்தக் கவலைதான் வெளியே வரும். இதுக்கு என் மருந்துச் சீட்டுல எழுத ஒண்ணுமில்ல.

18/
இப்போ அதே விழுப்புரம் மாவட்டத்துல இன்னொரு வெளிநாட்டு மருமகளைப் பாருங்க.

ஆரோவில்லும் பெரும்பகுதி எங்க மாவட்டம்தான். கீழ்புத்துப்பட்டு முகாம்லேருந்து பைக்ல கொஞ்ச நேரம். அங்க விசாவோட வந்து தங்கின ஒரு ஐரோப்பியப் பெண் உள்ளூர்ப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. கல்யாணத்தைப் பதிவு பண்ணி ரெண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தா, வெளிவாழ் இந்தியர் அட்டையான ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்கலாம். ஏழு வருஷ வசிப்பு முடிஞ்சா குடியுரிமையே கேட்கலாம். குழந்தை பொறந்த நிமிஷமே இந்தியன், ஏன்னா அம்மா சட்டவிரோதக் குடியேறி இல்ல.

19/
அந்த ஐரோப்பிய மருமகளுக்கு இதெல்லாம் கிடைக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. நல்லா கிடைக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

மாமியார்கிட்ட தமிழ்ல சண்டை போடத் தெரிஞ்ச மருமகளுக்கும் அதுல ஒரு பங்கு கிடைக்கட்டும்னுதான் கேட்கிறேன்.

20/
மத்த நாடுகள்ல எப்படி?

பாண்டிச்சேரி உறவால நமக்குத் தெரிஞ்ச பிரான்ஸையே எடுப்போம். பிரெஞ்சுக்காரரைக் கட்டினவங்களுக்கு வேலை செய்யுற உரிமையோட தங்கும் அனுமதி கிடைக்கும். பொதுவா கல்யாணமாகி நாலு வருஷத்துல, மொழி தெரிஞ்சு, சேர்ந்து வாழ்றதை நிரூபிச்சா குடியுரிமைக்கு அறிவிப்பு கொடுக்கலாம். போலிக் கல்யாணம்னா அஞ்சு வருஷம் வரை ஜெயில். புருஷன் அடிச்சதால பிரிஞ்சு வந்தவங்களோட அனுமதியை, பிரிஞ்சுட்டீங்கன்ற காரணத்துக்காகப் பறிக்கக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு.

கெடுபிடி உண்டு. மொழித் தேர்வு வருஷத்துக்கு வருஷம் கடினமாகுது. ஆனா பாதை இருக்கு, அதுல நடக்க முடியும்.

21/
அமெரிக்கா நம்ம நிலைமைக்கு இன்னும் பக்கம். அங்கயும் எப்படி உள்ள வந்தீங்கன்றதை வெச்சுதான் பிரிக்கிறாங்க. விசாவோட வந்து காலம் தாண்டித் தங்கினவர் அமெரிக்கக் குடிமகளைக் கட்டினா, பெரும்பாலும் உள்ளேயே இருந்து ஸ்டேட்டஸ் மாத்தலாம். எல்லையில பரிசோதனை இல்லாம நுழைஞ்சவருக்குப் பொதுவா அது முடியாது. நாட்டை விட்டு வெளியே போய்த்தான் விண்ணப்பிக்கணும், போனா பத்து வருஷம் வரை திரும்ப வரத் தடை விழலாம்.

ஆனா அங்கயும் ஒரு ஜன்னல் வெச்சிருக்காங்க. தன் குடிமகளுக்குக் கடுமையான கஷ்டம் வரும்னு நிரூபிச்சா அந்தத் தடையை விலக்கலாம். அதாவது, வந்தவர் பண்ணினதை மட்டும் பார்க்காம, கட்டிக்கிட்ட நம்ம ஆளோட கஷ்டத்தையும் பார்க்கிறாங்க. நம்ம சட்டத்துல செஞ்சிக்காரரோட கஷ்டத்தைக் கணக்குல எடுக்க எந்த இடமும் இல்ல.

22/
"இந்தியா யாருக்கும் விதிவிலக்கே தர்றதில்லையா?" தருது. அதான் வருத்தமே.

2019 திருத்தம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்லேருந்து 2014 டிசம்பர் 31-க்குள்ள வந்த இந்து, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி, கிறிஸ்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளா கருதக் கூடாதுன்னு அதே வரையறையில ஒரு நிபந்தனை வரியைச் சேர்த்தது. விதிகள் 2024 மார்ச் 11-ல வந்துச்சு. இலங்கை அந்தப் பட்டியல்ல இல்ல.

பாகிஸ்தான், வங்கதேசப் பெண்கள் இந்தியரைக் கட்டிக்கிட்டு இங்க வாழ்ந்தா, நீண்டகால விசாவுக்குத் தனிப் பிரிவே இருக்கு. அப்போ, நம்ம நாட்டு மருமகள்னு ஒரு வகையை அரசாங்கம் ஏற்கெனவே அங்கீகரிச்சிருக்கு. இல்லாத ஒண்ணை நாங்க கேட்கல.

23/
ஒரு நல்ல செய்தியையும் சொல்லணும். 2025 செப்டம்பர் 1-ல புது குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்துச்சு. கூடவே வந்த விலக்கு ஆணையில, 2015 ஜனவரி 9 வரை இங்க வந்து தஞ்சம் புகுந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லன்றதுக்கான தண்டனையிலேருந்து விலக்கு கொடுத்தாங்க.

இது பெரிய நிம்மதி. ஆனா இது ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம்னு மட்டும்தான் சொல்லுது. வீட்டுக்குள்ள வாங்கன்னு சொல்லல. குடியுரிமை ஆணை வேற, இது வேற.

24/
நீதிமன்றங்கள் சில கதவைத் தட்டியிருக்கு. 2019-ல மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியான மலையகத் தமிழர்கள் 65 பேரோட குடியுரிமைக் கோரிக்கையைக் கனிவா பரிசீலிக்கச் சொல்லுச்சு. 2022-ல, 1986-ல மண்டபம் முகாம்ல பொறந்த ஒரு பெண்ணுக்கு, நீங்க பிறப்பாலேயே இந்தியர்னு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லுச்சு. திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல வசிக்கிற அவங்க, 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல முதல் ஓட்டுப் போட்டாங்க. 38 வயசுல.

அவங்களுக்குப் புதுசா யாரும் எதையும் கொடுக்கல. பொறந்த அன்னைக்கே இருந்த உரிமை கைக்கு வர அவ்வளவு வருஷம் ஆச்சு.

25/
எதிர்க்கருத்துகளையும் பார்ப்போம்.

"பாதுகாப்பு?" நாட்டுலயே அதிகமா கண்காணிக்கப்பட்ட மக்கள் இவங்கதான். பதிவேடு, புகைப்படம், கைரேகை, மாசா மாசம் ஆஜர், கியூ பிரிவு. நாப்பது வருஷ வரலாறு அரசாங்கத்துக்கிட்டயே இருக்கு. தனிநபரா விசாரிச்சு, குற்ற வழக்கு இருந்தா மறுங்க. மொத்தமா மறுக்கிறதுக்கு அது காரணம் ஆகாது.

26/
"குடியுரிமைக்காகப் போலிக் கல்யாணம் பண்ணுவாங்களே?" ஏழு வருஷம் ஒரே வீட்டுல போலியா குடித்தனம் நடத்துறது கஷ்டங்க. உண்மையா கட்டிக்கிட்டவங்களே திணர்றாங்க. அதுக்குத்தான் விசாரணை இருக்கு.

"எல்லாருக்கும் கொடுத்துட்டா அங்க தமிழர் தொகை குறையுமே?" திரும்பப் போக நினைக்கிறவங்களுக்கு எல்லா உதவியும் செய்யணும். ஆனா நான் பேசுறது இங்க குடும்பம் ஆகிட்டவங்களைப் பத்தி. ஒரு நாட்டோட மக்கள்தொகைக் கணக்குக்காக ஒரு பொண்ணு தன் புருஷன் வீட்டுல அந்நியமா வாழணும்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

27/
"தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டாங்க?" இதைச் சொல்றவங்க, பொண்ணு பார்க்கப் போறப்போ குடியுரிமைச் சட்டம் பிரிவு 2(1)(பி)-யைப் படிச்சுட்டா போனீங்க?

28/
மாநில அரசு செஞ்சதையும் சொல்லணும். 2021 ஆகஸ்ட்ல 317 கோடி ரூபாய்க்கு மேல திட்டம் அறிவிச்சு, புது வீடு, உதவித்தொகை உயர்வு கொடுத்தாங்க. "அகதிகள் முகாம்"ன்ற பேரை "மறுவாழ்வு முகாம்"னு மாத்தினாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல முகாம் மக்களுக்கு வருமான வரம்பு கூட இல்ல. ஆஸ்பத்திரியில அவங்களை வேற மாதிரி நடத்துறதுக்கு எங்களுக்கு எந்தக் காரணமும் இல்ல.

ஆனா குடியுரிமை மத்திய அரசு கையில. வீடு கட்டிக் கொடுக்கிறது சென்னை, ஊரைச் சொந்தமாக்குறது டெல்லி.

29/
நான் கேட்கிறது மூணு:

ஒண்ணு. விலக்கு ஆணையில வர்ற பதிவு பெற்ற இலங்கைத் தமிழர், இந்தியரைக் கட்டியிருந்தா, 5(1)(சி)-க்கு அவங்களைச் சட்டவிரோதக் குடியேறியா கருதக் கூடாது. சட்டத் திருத்தம் வேணும்னா திருத்துங்க. 2019-ல சேர்த்த மாதிரி ஒரு வரிதான்.

ரெண்டு. குழந்தைகள். இதுக்குத் திருத்தம் கூட வேணாம். பிரிவு 5(4)-படி, சிறப்புச் சூழ்நிலை இருந்தா எந்த மைனரையும் குடிமகனா பதிவு பண்ண மத்திய அரசுக்கு இப்பவே அதிகாரம் இருக்கு. அப்பாவோ அம்மாவோ இந்தியர்ன்றதை விட வேற என்ன சிறப்புச் சூழ்நிலை வேணும்?

மூணு. மாநில அரசு, 1987 ஜூலைக்கு முன்னாடி இந்தியாவுல பொறந்த முகாம்வாசிகளைத் தேடிப் பட்டியல் எடுத்து, அவங்களைக் கோர்ட்டுக்கு அலைய விடாம ஆவணம் வாங்கிக் கொடுக்கணும்.

30/
இப்படிப்பட்ட குடும்பத்துல இருக்கிறவங்களுக்கு, கையில வெச்சுக்க வேண்டியவை:

• அம்மா அல்லது அப்பா பொறந்த தேதியையும் ஊரையும் முதல்ல பாருங்க. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்திருந்தா, கதையே மாறுது.
• கல்யாணத்தைக் கட்டாயம் பதிவு பண்ணுங்க. கோயில் ரசீதும் போட்டோவும் போதாது. மதம் வேற வேறன்னா 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு, 30 நாள் நோட்டீஸ்.
• பிரசவத்துக்கு வர்றப்போ ரெண்டு பேரோட பேரும், இனிஷியலும் எல்லா ஆவணத்துலயும் ஒரே மாதிரி இருக்கான்னு பார்த்து எங்ககிட்ட கொடுங்க. "ஜெயந்தி", "ஜெயந்தினி"ன்னு ரெண்டு எழுத்து மாறினதுக்கு அப்புறம் வருஷக்கணக்குல அலையணும்.

31/
• முகாம் பதிவு, பள்ளிச் சான்றிதழ், பழைய உதவித்தொகை அட்டை எதையும் தூக்கிப் போடாதீங்க. தொடர்ந்து இங்க வசிச்சதுக்கு அதுதான் சாட்சி.
• "பத்தாயிரம் கொடு, ஓட்டர் ஐடி வாங்கித் தர்றேன், பாஸ்போர்ட் வாங்கித் தர்றேன்"னு வர்ற ஆளை வாசல்லயே அனுப்புங்க. போலி ஆவணம் பிடிபட்டா, நாளைக்கு வரக்கூடிய உண்மையான வாய்ப்பும் போயிடும். கணவரும் சேர்ந்து மாட்டுவார்.
• குழந்தையை எந்த நாட்டுல பதியுறதுன்னு முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி வக்கீலைக் கேளுங்க. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100.
• வீட்டுல அடி, உதைன்னா 181. குடும்ப வன்முறைச் சட்டம் நீங்க எந்த நாட்டுக்காரங்கன்னு கேட்காது. "போலீஸுக்குப் போனா உன்னை நாடு கடத்திடுவாங்க"ன்னு மிரட்டுற புருஷன் சொல்றதை நம்பிக்கிட்டு அடி வாங்காதீங்க.

32/
எங்க செஞ்சிக் கோட்டையை பீஜப்பூர் சுல்தான் பிடிச்சார், 1677-ல சிவாஜி பிடிச்சார், 1698-ல முகலாயர், 1750-ல பிரெஞ்சுக்காரர், 1761-ல இங்கிலீஷ்காரர். கேட்காம வந்தவங்களை எல்லாம் எங்க ஊர் பார்த்துடுச்சு. போன 2025 ஜூலையில அந்தக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம்னு யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்தாச்சு.

தாலி கட்டிக் கூட்டிட்டு வந்தவங்களைத்தான் இன்னும் என்னன்னு எழுதுறதுன்னு தெரியாம நிக்கிறோம்.

33/
உங்க எம்.பி.கிட்ட பேசுற வாய்ப்பு கிடைச்சா பிரிவு 5(4)-ஐ மட்டுமாவது கேளுங்க. குழந்தைகள் விஷயத்துல கட்சி வேறுபாடு தேவையில்ல. இந்த மாதிரி குடும்பம் உங்க தெருவுல இருந்தா, 30-வது, 31-வது பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. கமென்ட்ல யாரும் தங்களோட முகாம், பேர், பதிவு எண் போட வேணாம்.

காலையில ஓ.பி. இருக்கு, பதில் போட நேரமாகும்.